நடைதூர மக்கள்தொகை மதிப்பீடு

ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற ஓரிடத்துக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் குடியிருப்போரின் எண்ணிக்கையே நடைதூர மக்கள்தொகை. இதை யாரும் வீடுவீடாகப் போய் எண்ணுவதில்லை. மக்கள் கணக்கெடுப்பு வார்டுவாரியாகத் தலைகளை எண்ணித் தருகிறது. தெருப்படம் பாதைகளைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி இந்த எண் கணித்தெடுக்கப்படுகிறது. முன்பு அதற்கான தரவு அரசுத் துறைகளிடமும், படங்களை விலைக்கு விற்ற நிறுவனங்களிடமும் அடங்கிக் கிடந்தது. 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப், ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிடும் உலகக் குடியிருப்புப் படலம் ஆகியவை வந்தபின், மடிக்கணினி வைத்திருக்கும் எவரும் ஒரு மாலைப்பொழுதில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். போடுவது எளிதானதும், தவறாகப் போடுவதும் எளிதாகிவிட்டது. தவறுகள் பலவகை, அவை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்ற தரவில் உள்ள பிழை பெரும்பாலும் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். அவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத பிழையோ எப்போதும் கூட்டியே காட்டும். ஆகவே கையில் உள்ள நேரத்தை முதலில் பாதைகளைச் சரிசெய்வதில் செலவிடுவதே முறை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எவ்வளவு தொலைவு நடைதூரம் என்பதில் உலகமெங்கும் ஓரளவு ஒத்த கருத்து உண்டு. 1929-இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக கிளாரன்ஸ் பெர்ரி வகுத்த அண்டைக் குடியிருப்பு அலகு கால் மைல், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர் என்ற அளவைப் பரப்பியது. லண்டனின் பொதுப் போக்குவரத்து அணுகல் கணக்கு மணிக்கு 4.8 கிலோமீட்டர் நடைவேகத்தைக் கொள்கிறது. நிமிடத்துக்கு 80 மீட்டர். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களும் இதே 80 மீட்டரை ஒரு நிமிடமாகக் கணக்கிட்டே ‘நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம்’ என்று போட வேண்டும். ஐக்கிய நாடுகளின் நிலைபெறு வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்ற குறியீடு பேருந்து நிறுத்தத்துக்கு 500 மீட்டர், ரயில் போன்ற அதிகத் திறன் போக்குவரத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று வரையறுக்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டுப் போக்குவரத்துசார் வளர்ச்சிக் கொள்கை நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பகுதியைத் தாக்க மண்டலமாக எடுத்துக்கொள்கிறது. தொலைவில் தகராறு அதிகமில்லை. அந்தத் தொலைவை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமான முறை வட்டம். நிலையத்தின் மீது ஒரு புள்ளி வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டமிட்டு, அதற்குள் விழும் மக்களைக் கூட்டிவிடுவார்கள். இந்த வட்டத்தின் பரப்பு 2.01 சதுர கிலோமீட்டர். தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல, எங்கும் அடைப்பில்லாமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடும் கற்பனை நகரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் மூலைவிட்டமாக யாரும் நடக்க முடியாது; தெருவழியே திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும். அதனால் 800 மீட்டர் நடையில் எட்டக்கூடிய பகுதி வட்டமாக இராது, 1.28 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சாய்சதுரமாக இருக்கும். மிகச் சிறந்த தெருவமைப்பிலேயே வட்டம் உண்மையைவிட 57 சதவீதம் அதிகம் காட்டுகிறது. ஒரு பக்கம் பாலமில்லாத கால்வாய் ஓடினால் எஞ்சுவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே பிழையின் திசை கவனிக்கத்தக்கது. நேர்கோட்டைவிடக் குறுகிய பாதை எங்குமே இல்லை என்பதால் வட்டம் ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ரயில்பாதை போட்டவர்கள், நிலத்தை விற்பவர்கள், சேவை எல்லோரையும் சென்றடைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுபவர்கள் ஆகிய எல்லோருக்கும் பிடித்த திசை அது. வட்டம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அதன் எளிமை மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

சென்னைப் பறக்கும் ரயில் இதற்கு நல்ல சோதனைக்களம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை எட்டிய இந்தப் பாதை நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே செல்கிறது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைவு என்பதால் கால்வாய் வழி வசதியாக இருந்தது. நடந்து வருபவருக்கு அதுவே தடையாயிற்று. கால்வாயின் எதிர்க்கரையில் நிலையத்துக்கு நேர் எதிரே 60 மீட்டர் தொலைவில் ஒரு வீடு இருக்கிறது, அருகிலுள்ள பாலம் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். அந்த வீட்டுக்காரர் பாலம்வரை 400, கடந்தபின் திரும்ப 400, குறுக்கே 60 என 860 மீட்டர் நடக்க வேண்டும். வட்டத்தின் பார்வையில் அவர் நிலையத்தின் வாசலிலேயே குடியிருக்கிறார். பாதைக் கணக்கில் பத்து நிமிட எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். சேப்பாக்கம், கலங்கரை விளக்கம் நிலையங்களின் ஒரு கிலோமீட்டர் வட்டம் கிழக்கே மெரினா மணலையும் அலைகளையும் விழுங்குகிறது. அடையாறு தாண்டித் தெற்கே போனால் கல்வி, ஆராய்ச்சி வளாகங்களின் மதில்கள். வேளச்சேரிப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒவ்வொரு நிலையத்துக்கும் சுற்றுப்புறம் வேறு; எல்லாவற்றுக்கும் ஒரே வட்டம் போட்டால் அந்த வேறுபாடே காணாமல் போகும்.

பாதைவழிக் கணக்கின் அடிப்படை புதிதல்ல. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதைக் கணிமுறைதான் இன்றும் இதன் உள்ளே ஓடுகிறது. தெருச் சந்திப்புகளை முடிச்சுகளாகவும் தெருக்களை இழைகளாகவும் கொண்டு, நிலைய வாசலிலிருந்து ஒவ்வொரு முடிச்சுக்கும் உள்ள மிகக் குறைந்த நடைதூரத்தைக் கண்டு, 800 மீட்டருக்குள் வருபவற்றை இணைத்தால் சமநேர எல்லை கிடைக்கும். க்யூஜிஐஎஸ், பிஜிரவுட்டிங், ஓஎஸ்எம்என்எக்ஸ், ஹைடல்பர்கிலிருந்து இயங்கும் ஓப்பன்ரவுட்சர்வீஸ் என இதைச் செய்துதரும் கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன. கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆள் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். உதாரணமாக, புறப்படும் புள்ளி. தெருப்படத்தில் நிலையத்தின் பெயர் பொறித்த புள்ளி பெரும்பாலும் நடைமேடையின் நடுவில் இருக்கும். பயணி உள்ளே வருவது அதன் ஏதோ ஒரு முனையில். இடைவெளி 100 மீட்டர் என்றாலும், 500 மீட்டர் எல்லை அந்தப் பக்கத்தில் 400 ஆகச் சுருங்கும். 500 ஆரமுள்ள வட்டத்தோடு ஒப்பிட்டால் 400 ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 36 சதவீதம் குறைவு. ஆகவே நிலையத்தை ஒரே புள்ளியாகக் கொள்ளாமல் ஒவ்வொரு வாசலையும் தனித்தனிப் புறப்பாடாக வைக்க வேண்டும். அடுத்தது வாயிற்கதவுகள். வளாகத்துக்குள் ஓடும் சாலை படத்தில் சாதாரணத் தெரு போலவே வரையப்பட்டிருக்கும்; ‘தனியார் அணுகல்’ என்ற குறிச்சொல் விடுபட்டால் மென்பொருள் காவலாளியைக் கேட்காமலே உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். மூன்றாவது நடுத்தடுப்பு. இருபுறமும் வண்டிகள் விரையும் அகலச் சாலையில் எதிர்ப்பக்க நிறுத்தம் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சப்வேயோ நடைமேம்பாலமோ உள்ள இடம்வரை போய்த்தான் திரும்ப வேண்டும். ஆனால் படத்தில் அந்தச் சாலை ஒற்றைக் கோடாக இருந்தால் அதைக் கடப்பதற்கு ஒரு மீட்டர்கூடச் செலவாகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்திய நகரங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முழுமையானதல்ல. பெரிய சாலைகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் குடிசைப் பகுதிகளின் சந்துகள், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆள் மட்டும் நுழையக்கூடிய வழிகள், ரயில்வே மதிலில் மக்கள் ஏற்படுத்திக்கொண்ட இடைவெளிகள் பல விடுபட்டிருக்கும். அப்படியானால் பாதைவழிக் கணக்கு குறைத்துக் காட்டாதா? காட்டும். அதுவும் எங்கே ஏழைகள் நெருக்கமாக வாழ்கிறார்களோ அங்கேதான் அதிகமாகக் குறைத்துக் காட்டும் என்பது இன்னும் மோசம். இதற்கு விடை, வட்டத்துக்குத் திரும்பிப் போவதாக இருக்க முடியாது. வட்டம் தரும் எண்ணை மேல்வரம்பாகவும், உள்ள படத்தை வைத்துப் பெறும் பாதைவழி எண்ணைக் கீழ்ப்பக்க மதிப்பாகவும் சேர்த்தே தருவதுதான் நேர்மை. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் நிலையத்தில் ஒன்று நிஜமான தடை இருக்கிறது, அல்லது வரையப்படாத சந்து இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தும், ஒருவரை அனுப்பி நடக்கச் சொல்லியும் எது என்று தீர்த்துக்கொள்ளலாம். சந்துதான் காரணம் என்றால் அதைப் படத்தில் வரைந்துவிடலாம். அடுத்து கணக்குப் போடுபவருக்கு அந்தப் பிழை இராது. விலைக்கு வாங்கும் படத்தில் இந்தத் திருத்தத்துக்கு இடமில்லை. திறந்த தரவின் பலம் துல்லியத்தில் இருப்பதாகச் சொல்வது மிகை. குறை எங்கே என்று கண்டுபிடித்தவரே அதைச் சரிசெய்யவும் முடியும் என்பதுதான் அதன் பலம்.

மக்கள் பக்கத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 46.46 லட்சம். அப்போதைய 155 வார்டுகளுக்குப் பகிர்ந்தால் வார்டுக்குச் சராசரியாக 30,000 பேர். சராசரிப் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது வெளியிடப்படும் மிகச் சிறிய அலகே, நாம் அளக்க விரும்பும் பத்து நிமிட நடைப்பகுதி அளவுக்குப் பெரியது. கணக்கெடுப்பாளர் கையில் இருக்கும் தொகுதிகள் சில நூறு பேர் கொண்டவை. அந்த எண்களும் எல்லைகளும் பொதுவெளிக்கு வருவதில்லை. போதாக்குறைக்கு, கணக்கெடுப்பு முடிந்த அதே 2011-இல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டுகளாக மாற்றியமைக்கப்பட்டது. எனவே இன்றைய வார்டுப் படத்தில் அன்றைய எண்ணைப் பொருத்தினால் கணக்கு முழுவதும் இடம் மாறிப் போகும். தொடக்க நிலைப் பணிகளில் காணப்படும் பிழைகளில் இது முக்கியமானது.

வார்டு எண்ணைச் சிறு கட்டங்களுக்குப் பிரித்தளிக்கும் உத்தி பழையது. 1936-இல் அமெரிக்கப் புவியியலர் ஜே. கே. ரைட், கேப் காட் தீபகற்பத்தில் ஆளில்லாப் பகுதிகளை விலக்கிவிட்டு எஞ்சிய நிலத்தில் மட்டும் மக்களைப் பரப்பிக் காட்டினார். வேர்ல்ட்பாப் அதையே செயற்கைக்கோள் காலத்துக்கு ஏற்பச் செய்கிறது. இரவு வெளிச்சம், சாலைகள், நிலப் பயன்பாடு, சரிவு போன்றவற்றைக் கொண்டு இயந்திரக் கற்றல் மூலம் ஒவ்வொரு 100 மீட்டர் கட்டத்துக்கும் எடை கணித்து, நிர்வாக அலகின் மொத்தத்தை அந்த எடைப்படி பங்கிடுகிறது. ஐரோப்பிய மையத்தின் தரவு கட்டடங்களின் கன அளவை எடையாகக் கொள்கிறது. 1975 முதல் 2030 வரை ஐந்தாண்டுக்கு ஒன்றாகப் படலங்கள் உள்ளன. கூகுளும் மைக்ரோசாஃப்டும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து பிரித்தெடுத்த கட்டட வடிவங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டபின், கட்டடம் இல்லாத கட்டத்தில் ஆளே இல்லை என்று வைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட பதிப்புகள் வழக்கத்துக்கு வந்தன. நடைதூரக் கணக்குக்கு எப்போதும் இந்தப் பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுப்படுத்தாத பதிப்பு மைதானத்திலும் நீர்நிலையிலும்கூட அரைகுறையாக மனிதர்களைத் தூவிவிடும்.

இவற்றில் எதுவும் எண்ணப்பட்ட தரவல்ல. எல்லாமே மாதிரியின் ஊகம். கிடங்கும் குடியிருப்பும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஒரு மாடிக் குடிசைப் பகுதியில் ஒரு கட்டத்தில் வாழ்பவர்கள், பக்கத்துத் தனி வீடுகளில் வாழ்பவர்களைவிடப் பல மடங்காக இருக்கலாம். கூரையின் பரப்பு அதைச் சொல்லாது. பாதைப் பிழையை விட்டுவிட்டு இந்தப் பிழையை ஏன் முதலில் தாக்கக் கூடாது என்று கேட்கலாம். கட்டம் கட்டமாகப் பார்த்தால் இந்தப் பிழை பெரிதுதான். ஆனால் 800 மீட்டர் நடைப்பகுதியில் இப்படிப்பட்ட கட்டங்கள் ஏறத்தாழ 130 அடங்கும். ஒன்றில் கூடியது மற்றொன்றில் குறைந்து, கூட்டுத்தொகை பெரும்பகுதி சமனாகிவிடும். ஏனென்றால் வார்டின் மொத்தம் கணக்கெடுப்பிலிருந்து வருவதால் அது மாறாமல் நிற்கிறது. உள்ளே இடப்பெயர்ச்சி மட்டுமே நடக்கிறது. இந்தச் சமாதானமும் முழுமையானதல்ல. மாதிரிகள் பொதுவாக உச்சங்களைத் தட்டையாக்கும். மிக நெருக்கமான இடத்தைக் குறைத்தும், காலியான இடத்தைக் கூட்டியும் காட்டும். நிலையங்கள் நெருக்கமான கடைவீதிகளில் இருக்கும் பாதையில் மொத்தம் குறையும். கால்வாய்க் கரையிலும் காலி மனைகளிலும் இருக்கும் பாதையில் கூடும். ஆகவே ஒரே ஒரு தரவுத்தொகுப்பை நம்பாமல் இரண்டை வைத்துக் கணித்து வித்தியாசத்தைப் பார்ப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை. சிறிய தொலைவுகளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. 130 கட்டங்களில் குறைந்தது 30 எல்லைக்கோடு வெட்டிச் செல்பவை, ஐந்து நிமிட எல்லை என்றால் அவற்றின் விகிதம் மேலும் கூடும்.

கூட்டும்போது வரும் இன்னொரு பிழையும் ஒரே திசையில் சாய்வது. கடற்கரைக்கும் வேளச்சேரிக்கும் இடையிலான 19.3 கிலோமீட்டரில் 18 நிலையங்கள். சராசரி இடைவெளி 1.14 கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் வட்டமிட்டால் அடுத்தடுத்த வட்டங்கள் ஒவ்வொன்றும் தன் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஒன்றன்மேல் ஒன்று விழும். நிலையவாரி எண்களை அப்படியே கூட்டி, பாதை இத்தனை பேருக்கு நடைதூரத்தில் உள்ளது என்று அறிவித்தால், நேர்கோட்டில் சம இடைவெளியில் நிலையங்கள் இருப்பதாகக் கொண்டாலும் 40 சதவீதத்துக்கு மேல் மிகையாகும். ஒன்றிணைத்த பரப்பில் ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் எண்ண வேண்டும். மேலே சொன்ன வட்டப் பிழையையும் இதையும் சேர்த்தால் அறிவிக்கப்படும் எண் உண்மையைப்போல் இரண்டு மடங்காவது பெரிய வியப்பல்ல.

பழைய கணக்கெடுப்பு என்ற மறுப்புக்கு எளிய பதில் இல்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. அதுவரை எல்லா மாதிரிகளும் 2011-ஐ முன்னோக்கி நீட்டியவைதான். பெரிதாக மாறாத பழைய நகரப் பகுதிகளில் இது தாங்கக்கூடியது; பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போன்று வயல்கள் அடுக்குமாடிகளாகிவிட்ட இடங்களில் தாங்காது. நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த இந்த எண்கள் உதவும். புறநகரில் இத்தனை ஆயிரம் பேர் என்று தனி எண்ணாகச் சொல்ல உதவா. ஐரோப்பிய ஒன்றியம் 2021 கணக்கெடுப்பு முடிவுகளை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக வெளியிட வேண்டும் என்று 2018-இல் விதி வகுத்தது. வார்டு எல்லை மாறினாலும் கட்டம் மாறாது என்பதால், இந்தியாவிலும் அப்படி வெளியிட்டால் மேற்சொன்ன ஊகங்களில் பாதி தேவைப்படாது.

குடியிருப்போரை எண்ணுவதே போதுமா என்பது வேறு கேள்வி. கடற்கரை, கோட்டை நிலையங்களைச் சுற்றி உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் மொத்த வணிகத் தெருக்களும் உள்ளன. இரவில் அங்கே தங்குவோர் சிலர், பகலில் வந்து போவோர் ஏராளம். நடைதூர மக்கள்தொகை அந்த நிலையங்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணே தரும். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் லேண்ட்ஸ்கேன் 24 மணி நேரச் சராசரி இருப்பைத் தருகிறது என்றாலும் அதன் கட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நடைக் கணக்குக்கு மிகப் பெரிது. அதேபோல் 800 மீட்டர் பாதை என்பது 800 மீட்டர் நடக்கத்தக்க பாதை என்றாகாது. நடைபாதையில் நிற்கும் வண்டிகள், மே மாத வெயில், விளக்கில்லாத சப்வே ஆகியவை முதியவரையும் தனியே வரும் பெண்ணையும் வீட்டிலேயே நிறுத்திவிடும். இவற்றைத் தொலைவோடு குழைத்து ஒரே குறியீடாக்கும் முயற்சிகள் உண்டு. அது நல்ல வழியாகத் தோன்றவில்லை; எடைகளை யார் எப்படி வைத்தார் என்பது மறைந்துபோய், எண் விவாதத்துக்கு எட்டாததாகிவிடும். வேகத்தை மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டிக் காட்டுவது தெளிவானது. நிமிடத்துக்கு 80 மீட்டருக்குப் பதில் 50 என்று வைத்தால் பத்து நிமிட எல்லை 500 மீட்டராகும். பரப்பு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். சமதளச் சென்னைக்கு வேகம் போதும். மலைப்பகுதிக்குச் சரிவையும் சேர்க்க வேண்டும். வால்டோ டோப்ளர் 1993-இல் தந்த மலைநடைச் சூத்திரம் அதற்கெனவே உள்ளது.

தெருவே வரையப்படாத நாட்டுப்புறங்களில் வலைப்பின்னலுக்குப் பதில் நிலப்பரப்பு முழுவதையும் கட்டமாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும் நேரத்தைக் கூட்டுகிறார்கள். மலேரியா அட்லஸ் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையில், உலக மக்களில் 43.3 சதவீதத்தினர், அதாவது 316 கோடிப் பேர், ஒரு மணி நேரம் நடந்தாலும் எந்த மருத்துவ நிலையத்தையும் எட்ட முடியாதவர்கள் என்று கணித்தது. வாகனம் இருந்தால் அந்த எண்ணிக்கை 64.6 கோடியாகக் குறைகிறது. இரண்டு கணக்கிலும் மருத்துவ நிலையங்கள் அவையே, மக்களும் அவர்களே. வித்தியாசம் முழுவதும் அவர்கள் போகும் விதத்தில் இருக்கிறது.

இந்தியாவில் நடைதூரம் சட்டச் சொல்லும்கூட. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர் நடைதூரத்திலும், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டர் நடைதூரத்திலும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. கரடுமுரடான நிலம், வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை, பள்ளிக்கு வரும் வழியில் சிறுவர்களுக்கு ஆபத்து ஆகியவை இருக்கும் இடங்களில் இந்த எல்லையைக் குறைத்து, அவற்றைத் தவிர்க்கும் வகையில் பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. ஓடை குறுக்கிடும் ஊரில் பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டமிட்டு, எல்லாக் குழந்தைகளும் உள்ளே வருகிறார்கள் என்று அதிகாரி எழுதும் குறிப்பு அந்த விதிக்கு விடையாகாது. மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியாத இழையாக வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினால், அப்போது எல்லைக்கு வெளியே நிற்கும் வீடுகளின் பட்டியல் கிடைக்கும்; விதி கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.